முகப்பு விளக்கும் ஒரு கைரேகையும்

இரவு நேரம். நெடுஞ்சாலையில் எதிரே ஒற்றை வெளிச்சம் வருகிறது. அது மோட்டார் சைக்கிளா, அல்லது ஒரு விளக்கு அணைந்துபோன காரா? நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தெரிய நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இரு வண்டிகளும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இடையிலுள்ள தூரம் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வீதம் குறைகிறது. இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது பிறகுதான். முதலில் கண்ணால் பார்த்தேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் கோவில்பட்டியில் ஒரு திருமண வரவேற்பு. என் தாய்மாமா பூ வியாபாரி. பழைய மாருதி 800 கார் ஒன்று வைத்திருக்கிறார். மாமா ஓட்ட, அப்பா முன்னிருக்கையில் இருக்க, நான் பின்னால் அமர்ந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கழுகுமலை கடந்தாயிற்று. எதிரே ஒரு பேருந்து வந்தது. மாமா வழக்கம்போல ‘பிரைட்’டிலிருந்து ‘டிம்’முக்கு மாற்றினார். இடப்பக்க விளக்கு தாழ்ந்து எரிந்தது. வலப்பக்க விளக்கு அடியோடு அணைந்தது. அதே கணத்தில் பேருந்தின் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டு வெளியே வந்தது. அதை ஓட்டியவர் மீது எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. சாலையின் ஓரமாக ஒற்றை விளக்கு வருகிறது. யாரோ சைக்கிள்காரர், இடையில் தாராளமாக வழி இருக்கிறது என்று அவர் கருதியிருப்பார். ஆனால் அந்த வழியில்தான் எங்கள் காரின் மற்றப் பாதி, ஏறக்குறைய அப்பா அமர்ந்த இடம் தொடங்கி மாமா அமர்ந்த இடம் வரை, இருட்டில் வந்துகொண்டிருந்தது. சிறு விளக்கு எரிந்தது உண்மையே. பேருந்தின் வெளிச்சத்துக்கு நடுவே அதை யார் கவனிப்பார்? மாமா வண்டியை மண்ணில் இறக்கினார். மோட்டார் சைக்கிள் உரசாமல் போய்விட்டது. அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். ஆகவே வலப்பக்க விளக்கே எதிரே வருபவருக்கு அருகிலுள்ள விளக்கு. இரண்டில் ஒன்று அணைவது தீமைதான் எனினும், வலப்பக்கம் அணைவதே கூடுதலான தீமை.

மறுநாள் காலை மாமாவிடம், “நானே மாத்துறேன் மாமா” என்றேன். இயற்பியல் படிக்கிற பிள்ளை என்று அவரும் சம்மதித்தார். ‘பிரைட்’ எரிகிறது, ‘டிம்’ மட்டும் எரியவில்லை. இடப்பக்கத்தில் இரண்டும் எரிகின்றன. எனவே ஒரே பல்புக்குள் இருக்கும் இரண்டு மின்னிழைகளில் ஒன்று அறுந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். ஊகம் சரியாக இருந்தது. பானட்டைத் திறந்து விளக்கின் பின்புறம் கையை விட்டால் மூன்று கம்பிகள் செல்லும் கப்ளர் அகப்படும். அதை ஆட்டாமல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பின்பு ரப்பர் மூடி. அதன்பின் பல்பை அழுத்திப் பிடிக்கும் கம்பிக் கிளிப். கிளிப்பை அமுக்கி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். கால் மணி நேர வேலை.

அந்தப் பல்பின் பெயர் எச்-4. 12 வோல்ட், 60/55 வாட் என்று அதன் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும். ‘பிரைட்’டுக்கு 60 வாட், ‘டிம்’முக்கு 55 வாட். 1971-இல் ஐரோப்பாவில் அறிமுகமான வகை இது. ‘டிம்’ மின்னிழையின் கீழே ஒரு சிறிய உலோகத் தொட்டி இருப்பதைக் காணலாம். அது எதிரொளிப்பானின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாமல் மறைக்கிறது. கீழ்ப்பாதியில் பட்டால் ஒளி மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணில் பாயும். பல்பின் விளிம்பிலுள்ள மூன்று காதுகளும் ஒரே அளவில் இல்லாததற்கும் இதுவே காரணம். தொட்டி எப்போதும் கீழேதான் அமைய வேண்டும். வேறு விதமாகப் பொருத்த முயன்றால் பல்பு உட்காராது. வகுப்பில் குவியம் என்றும் பரவளையம் என்றும் படித்தபோது கரும்பலகையில் மட்டுமே இருந்த ஒன்று, அன்று என் உள்ளங்கையில் இருந்தது.

உள்ளங்கையில் இருந்ததுதான் தவறு. காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு, புதுப் பல்பின் கண்ணாடியைப் பிடித்து, சுழற்றிச் சுழற்றி இரண்டு மின்னிழைகளையும் ரசித்தேன். பிறகு பொருத்தினேன். எரிந்தது. அம்மா தெருவில் நாலு பேரிடம் சொன்னார்கள்.

பதினோராம் நாள் அணைந்தது.

“மருமவனே, காலேஜ் பல்பு பதினோரு நாள்தான் தாங்கும் போல” என்றார் மாமா, சிரித்துக்கொண்டுதான். அப்பா சிரிக்கவில்லை. அவர் விசைத்தறியில் இரவு ஷிப்டுக்குச் செல்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “ஏலே, அந்தக் கடைக்காரப் பையன் படிச்சவனா? அவன் மாத்துனா வருசக் கணக்கா எரியுதே” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பழுதான பல்பைத் தாளில் சுற்றி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் பேராசிரியர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கண்ணாடியின் ஒரு புறத்தில் வெண்மையாக ஒரு திட்டு. அவ்விடம் சற்றே உப்பியும் இருந்தது. “தம்பி, இங்கே உன் கட்டைவிரலை வைத்துப் பார்” என்றார். பொருந்தியது.

அவர் விளக்கியதையும், நான் பின்னர் நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உலோகங்களில் மிக உயர்ந்த உருகுநிலை உடையது டங்ஸ்டன். 3422 டிகிரி செல்சியஸ். ஆயினும் வெள்ளொளி வீசும் வெப்பநிலையில் அது உருகாவிட்டாலும் மெல்ல மெல்ல ஆவியாகிறது. பழைய குண்டு பல்பு நாளடைவில் உட்புறம் கறுத்துப்போவது இதனால்தான். இதற்கு ஓர் அருமையான மாற்று வழி கண்டார்கள். 1959-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரிட்ரிக், வைலி ஆகிய இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றனர். பல்பினுள் மந்த வாயுவோடு சிறிதளவு ஹாலஜனைச் சேர்க்க வேண்டும். நம் பழைய பாடநூல்கள் உப்பீனி என்று கூறும் அயோடின், புரோமின் போன்றவை. ஆவியான டங்ஸ்டன் சுவருக்கு அருகே வரும்போது ஹாலஜனுடன் கூடி, சுவரில் படியாத ஒரு வாயுச் சேர்மம் ஆகிறது. அது மிதந்து மின்னிழைக்குத் திரும்பி, அங்குள்ள கடும் வெப்பத்தில் சிதைந்து, டங்ஸ்டனை மறுபடியும் இழையின் மீது விட்டுவிடுகிறது. ஹாலஜன் அடுத்த சுமைக்குப் புறப்படுகிறது. பூச்சந்தைக்கும் தோட்டத்துக்கும் நடை அடிக்கும் எங்கள் மாமாவின் வண்டி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை, எடுத்த இடத்திலேயே டங்ஸ்டன் திரும்ப இறங்குவதில்லை. ஆகவே ஏதோ ஓரிடம் மெலிந்து, என்றோ ஒருநாள் இழை அறுகிறது.

இச்சுழற்சி நடைபெறச் சுவரின் வெப்பநிலை ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். அதனால்தான் பல்பு விரலளவே இருக்கிறது. சுவர் இழையை நெருங்கி நிற்கிறது. சாதாரணக் கண்ணாடி அவ்வெப்பத்தைத் தாங்காது என்பதால் குவார்ட்ஸ் அல்லது அதனையொத்த கடினக் கண்ணாடி பயன்படுகிறது. இப்பரப்பில் விரல் பட்டால் என்ன ஆகும்? எண்ணெய்ப் பசை கருகி அவ்விடத்தை மட்டும் கூடுதலாகச் சூடாக்குகிறது. வியர்வையிலுள்ள உப்பின் சோடியம், குவார்ட்ஸைப் படிகமாக மாறச் செய்து வெளுக்க வைக்கிறது. வெளுத்த இடம் வலுவிழக்கிறது. உள்ளே வாயு பல வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால் பல்பு வெடிக்கவும் கூடும். கடைக்காரப் பையன் பல்பின் தகர அடிப்பாகத்தை மட்டுமே பிடிக்கிறான். ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிடிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதுவும் தெரியவில்லை, இதுவும் தெரியவில்லை.

“ஆனால் ஒரு பல்பை வைத்து முடிவு கட்டிவிடாதே. வேறு காரணங்களையும் விலக்கிவிட்டு வா” என்றார் பேராசிரியர். மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே இத்தகைய பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தேன், 14.1 வோல்ட், இருக்க வேண்டிய அளவே. கப்ளர் முனைகளில் துருவோ கருகலோ இல்லை. ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் செய்தேன். 12 வோல்ட்டில் 55 வாட் என்றால் சுமார் 4.6 ஆம்பியர், அதாவது எரியும்போது மின்தடை 2.6 ஓம். குளிர்ந்த இழையில் மிகச் சிறிய மின்னோட்டம் செலுத்தி அளந்தபோது கால் ஓம்கூட வரவில்லை. விசையைப் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிடலாம். மெலிந்த இழை விசையைப் போடும்போதே பெரும்பாலும் அறுவது இதனால்தான். அன்று கழுகுமலைச் சாலையில் நடந்ததும் அதுவே.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பல்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அடிப்பாகத்தைப் பிடித்தேன். தவறிப்போய்த் தொட்டுவிட்டால், பொருத்துமுன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிட்டால் போதும். அணைத்த சிறிது நேரத்திலேயே பழைய பல்பைத் தொடுவதும் கூடாது, கை பொத்துவிடும். ரப்பர் மூடியை முழுவதும் அமர்த்துவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மழை நீரும் தூசியும் உள்ளே புகுந்து எதிரொளிப்பான் மங்கிவிடும்.

மாமா 100 வாட் பல்பு போட்டால் என்ன என்று கேட்டார். 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கப்ளர் உருகும் என்றேன். எதிரே வருபவர் படும் பாட்டையும் சொன்னேன். இப்போது சிலர் இதே கூட்டில் எல்.இ.டி. பல்புகளைச் செருகுகிறார்கள். மெல்லிய மின்னிழை ஒன்று குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்று நம்பி வடிவமைத்த எதிரொளிப்பானுக்குள் வேறு உருவமுள்ள ஒளிமூலத்தை வைத்தால், ஒளி கண்ட இடத்தில் சிதறும். என்னைக் கேட்டால், வெளிச்சம் கூடியது என்று அதை வாங்குபவர் அந்த வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

இருட்டியதும் தறிக்கூடச் சுவருக்கு நேராக, பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினோம். ‘டிம்’ ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் அளவு தாழ்ந்து விழ வேண்டும். அப்பா ஷிப்டுக்குப் போகுமுன் வந்து, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு கிழித்துக் கொடுத்தார். விளிம்பு இடப்புறம் சற்று மேலேறியிருப்பதைக் கண்டு, “கோணலா இருக்கேலே” என்றார். ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள் என்றேன். தொட்டியின் ஒரு விளிம்பு பதினைந்து டிகிரி சாய்ந்திருப்பதைப் பழைய பல்பில் காட்டினேன். அவர் அதை வாங்கினார். கண்ணாடியைத் தொடாமல், தகரத்தைப் பிடித்து வாங்கினார்.

இதை எழுதும்போது அந்தப் பல்புக்கு ஏழாவது மாதம். இடப்பக்கம் இன்னும் பழையதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது என்று சொல்லியும், எரிகிறவரை எரியட்டும் என்கிறார் மாமா. ஒரு புதுப் பல்பை அட்டைப் பெட்டியோடு வாங்கி, டேஷ்போர்டில் ஒரு சுத்தமான துணியையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.