பொடிப்பனி தேடிச் செல்லுமுன்

பனிச்சறுக்கு விடுமுறைக்கு இடம் தேர்வோர் பெரும்பாலும் மலையின் உயரத்தையும், விடுதியின் வசதியையும், மொத்தச் செலவையுமே ஒப்பிடுகின்றனர். பொடிப்பனியை நாடிச் செல்வோருக்கு இவை போதா. பொடிப்பனி என்பது ஓர் ஊரின் நிலையான உடைமையன்று. சில நாள்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு நிலை. புதிதாக விழுந்த, ஈரம் குறைந்த, எவரும் மிதிக்காத பனி அது. கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாகத் திரளாமல் உலர்ந்த மாவைப்போல் உதிர்ந்துவிடும். வெயிலும் காற்றும் பட்டால் ஓரிரு நாளிலேயே அதன் தன்மை மாறிவிடும். ஆகவே எந்த ஊர் என்று கேட்குமுன், எந்த வாரம் என்றும், மலையின் எந்த முகம் என்றும் நாம் கேட்கவேண்டும்.

உயரம் ஓர் அளவுகோல் அன்று என்பதற்கு ஜப்பானின் நிசேகோ நல்ல சான்று. அதன் சிகரம் 1,308 மீட்டர்தான்; நம் உதகைகூட அதைவிட உயரம். ஆயினும் சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை முகந்துகொண்டு ஹொக்கைடோ மலைகளில் மோதுவதால், அங்கே ஒரு பருவத்தில் 10 மீட்டருக்கு மேல் பனி பொழிகிறது. ஜனவரியில் ஏறக்குறைய இடைவிடாமல் பெய்யும்.

காஷ்மீரின் குல்மார்க் இதற்கு நேர்மாறானது. ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இரண்டு கட்டமாகச் செல்லும் கோண்டோலா, அபர்வாட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அங்கே பனி பெய்வது மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் தயவில். அவை வந்தால் ஓரிரு நாளில் இடுப்பளவு பனி குவியும். வராவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றுமிராது. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளிகள் வெண்மையின்றி வறண்டு கிடந்தன. 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனியின்மையால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் கணக்கு எளிது. நிசேகோவுக்கு ஐந்து நாள் போதுமென்றால், குல்மார்க்குக்கு எட்டு அல்லது பத்து நாள் ஒதுக்கவேண்டும். ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி பிற்பகுதி வரை ஏற்ற காலம். பலத்த காற்று வீசும்போதும், பெரும்பனி பெய்தபின் அபாயம் நீங்கும் வரையிலும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் இயங்காது; அந்த நாள்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய விமானச்சீட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைப்பதிவும் சற்று விலை கூடினாலும் இங்கே வீண்செலவல்ல. மலிவான மூன்று நாள் தொகுப்புப் பயணமே உண்மையில் விலை உயர்ந்தது என்பது எங்கள் கருத்து. வடக்கும் வடகிழக்கும் நோக்கிய சாய்வுகளில் வெயில் குறைவாகப் படுவதால் பனி கூடுதல் நாள் பொடியாகவே இருக்கும்.

செலவைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. மகிழ்ச்சி தரும் அதே புதுப்பனிதான் பனிச்சரிவையும் கொண்டுவருகிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாட்டில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார். மலையில் காவற்குழு கண்காணித்துப் பராமரிக்கும் பகுதி சிறிது. அதற்கு அப்பால் விரிந்து கிடக்கும் சாய்வுகள் எவர் பொறுப்பிலும் இல்லை. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்புவதும் அவற்றையே.

எனவே ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், அங்கே அன்றாடம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடப்படுகிறதா, மலையில் காவற்குழு இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும். வழிகாட்டி தமக்கு மட்டுமின்றி நமக்கும் இருப்பிடம் காட்டும் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றையும் தருகிறாரா, அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறாரா என்பது அடுத்த கேள்வி. பனியில் புதைந்தவர் உயிர்பிழைக்க வாய்ப்பு மிகுந்திருப்பது முதல் 15 நிமிடங்களில்தான். மீட்புப்படை அதற்குள் வந்துசேர்வது அரிது. தோண்டியெடுப்பவர் உடன் வந்தவராகவே இருப்பார். இக்கேள்விகளுக்குச் சிரித்து மழுப்பும் வழிகாட்டியை நாம் தவிர்ப்பதே நன்று, அவர் கேட்கும் கூலி எவ்வளவு குறைவாயினும்.

முதன்முறை சறுக்குவோருக்குப் பொடிப்பனி ஏற்றதன்று. கால் புதையும், திரும்ப வராது, விழுந்தால் எழுவது பாடு. அவர்கள் குல்மார்க்கின் கீழ்ச்சாய்வுகளிலோ, உத்தராகண்டின் ஔலியிலோ சமன்செய்யப்பட்ட பனியில் பயிற்சி பெறலாம். நிலம் தாழ்ந்ததால் ஜோஷிமடத்திலிருந்து ஔலி செல்லும் கம்பிவடப் பாதை 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆதலால் சாலைவழியே போக்குவரத்தைத் திட்டமிடுவது நலம்.

பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியை முதலில் வாசிக்கவேண்டும். சாதாரணப் பத்திரங்கள் பல, சாகச விளையாட்டுகளை விலக்கிவிடுகின்றன. பனிச்சறுக்கை ஏற்பவையும் குறியிட்ட பாதைக்கு வெளியே நேர்ந்த விபத்தை ஏற்காதிருக்கலாம். பொடிப்பனி கிடைப்பதோ பெரும்பாலும் அந்தப் பாதைக்கு வெளியேதான். கூடுதல் பிரீமியம் செலுத்தி அதற்கான பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டு, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறவேண்டும்.

மற்றொன்று. பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. வங்கிக் கணக்கில் பதிவான எண் அத்தகையதாயின், அங்கே ஓடிபி வராது. பணப்பரிமாற்றம் பாதியில் நின்றுவிடும். புறப்படுமுன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்வதும், வழிகாட்டிக் கூலிக்கும் கருவி வாடகைக்கும் ஓரளவு ரொக்கம் வைத்திருப்பதும் அவசியம்.