டிராக்டரில் டிரெய்லர் பூட்டுமுன் கவனிக்கவேண்டியவை

திருத்தணித் தாலுகாவில் கரும்பு பயிரிடும் குடியானவர்கள், வெட்டிய கரும்பைத் திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கொண்டுசேர்ப்பதற்கு டிராக்டரையும் டிரெய்லரையும் பெரிதும் நம்பியிருக்கின்றனர். எரு, நெல், வேர்க்கடலை, செங்கல் முதலியனவும் அதே டிரெய்லரில்தான் போகின்றன. பாதையோ எங்கும் சமதரையன்று. ஏரிக்கரை மேல் ஏறி இறங்கவேண்டும். குன்றடிவாரத்துச் சரிவுகளைக் கடக்கவேண்டும். பின்னர், சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பஸ்களோடும் லாரிகளோடும் கலந்து போகவேண்டும். ஆடிக் கிருத்திகை நாட்களில் அச்சாலை ஓரங்களில் காவடியோடு நடந்து வருவோர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

டிராக்டர் வாங்கும்போது, அஃது எவ்வளவு பாரம் இழுக்கும் என்றே எல்லோரும் விசாரிக்கிறார்கள். எவ்வளவு பாரத்தை நிறுத்தும் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. இழுக்கும் சக்தி யந்திரத்தைப் பொறுத்தது. நிறுத்தும் சக்தியோ பிரேக்கு உள்ள சக்கரங்களின் மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. டிராக்டருக்குப் பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக்கு உண்டு. நம் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றிற்குப் பிரேக்கே கிடையாது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். டிராக்டர் 2 டன், டிரெய்லரும் கரும்புமாக 8 டன், ஆக 10 டன் என்று கொள்வோம். ஏர்க்காலின் வழியே டிரெய்லர் கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்து, பின்சக்கரங்களின் மேல் 2 டன் நிற்கிறதென்க. உலர்ந்த தார் ரோட்டில் அச்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறக்குறைய 1,200 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால், பிரேக்குப் பிடித்த பின் டிராக்டர் மட்டுமானால் சுமார் 4 மீட்டரில் நின்றுவிடும்; டிரெய்லரோடு 13 மீட்டர் செல்லும். வேகம் 30 ஆனால் 29 மீட்டருக்குமேல் ஓடும். 20 அடிக்கு 1 அடி தாழும் சரிவில் இறங்கும்போது, 10 டன்னும் தன் பாரத்தாலேயே 500 கிலோ வேகத்தோடு முன்னே தள்ளும். அதைக் கழித்தால் நிறுத்துவதற்கு எஞ்சுவது 700 கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்திலும் நிற்க 22 மீட்டருக்குமேல் வேண்டும். மழை பெய்து ரோடு நனைந்தாலோ, பிடிப்பு பாதியாய் 600 கிலோவுக்குக் குறையும். சரிவின் தள்ளு போக மிஞ்சுவது 100 கிலோவே. அப்பொழுது வண்டி 150 மீட்டருக்குமேல் ஓடும். வழியில் யார் இருந்தாலும் ஓடும். டிரைவர் காலைத் தூக்கி மிதிப்பதற்குள் கழியும் ஒரு விநாடியில் செல்லும் ஐந்தரை மீட்டர் இக்கணக்கில் சேரவில்லை.

ஆகையால், டிரெய்லருக்குப் பிரேக்கு வைத்துக்கொள்வதே முதற் காரியம். டிராக்டரின் பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்யும் எண்ணெய்ப் பிரேக்கோ காற்றுப் பிரேக்கோ சிறந்தது. டிரெய்லர் முன்னே தள்ளும்போது அத்தள்ளினாலேயே தன் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும் வகையும் உண்டு. செலவு அதிகம் என்று சொல்வோர், புதுப் பெயிண்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் செய்யும் செலவை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது மிதிபலகைகள். உழும்போது வரப்போரத்தில் சட்டென்று திருப்புவதற்காக இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதிப்பது வழக்கம். ரோட்டுக்கு வருமுன் இரண்டையும் இணைக்கும் கொக்கியைக் கட்டாயமாகப் போட்டுவிடவேண்டும். போடாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபக்கம் திரும்பும். பின்னாலுள்ள 8 டன் நேரே தள்ளும். டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழும். வயலிலிருந்து நேராக ரோட்டுக்கு ஏறும் நாட்களில் இதை மறப்பது எளிது.

பூட்டும் இடமும் முக்கியம். டிரெய்லரை டிராக்டரின் பின்னச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கட்டையில்தான் மாட்டவேண்டும். சேற்றிலோ மேட்டிலோ இழுக்கவில்லையென்று, கலப்பையின் மேற்கம்பி மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுப்பவர்கள் உண்டு. இழுவை அச்சுக்கு மேலே போனால், முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்புறமாகப் புரண்டு டிரைவரின் மேலேயே விழும். அவர் குதிப்பதற்குக்கூட அவகாசம் இராது. மாட்டும் ஆணி அதற்கென்று செய்த முழு ஆணியாய் இருத்தல் வேண்டும். பழைய போல்ட்டும் கம்பித் துண்டும் உதவா. தேய்ந்து இடுப்பு மெலிந்த ஆணியை மாற்றிவிடுக. ஆணி மேலே எழும்பாதபடி அடியில் பூட்டூசி செருகி, ஆணி முறிந்தாலும் டிரெய்லர் விட்டுப்போகாமலிருக்க இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுக. சங்கிலி தரையில் இழுபடக்கூடாது. திருப்பங்களில் விறைக்கவும் கூடாது.

பூட்டும்போது பின்னால் நிற்பவர் இரு வண்டிகளுக்கும் நடுவில் நில்லாமல் ஒருபக்கம் ஒதுங்கி, ஜாடை காட்டவேண்டும். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி வரையில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. ஒருவர் ‘நில்’ என்பார்; மற்றவர் ‘ஆகு’ என்பார். யந்திர இரைச்சலில் இரண்டும் விளங்கா. கையைத் தலைக்குமேல் தூக்கினால் நிறுத்து என்று இருவரும் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது.

பாரம் ஏற்றும் முறையைக் கட்டைவண்டி ஓட்டிய பெரியவர்களிடம் கேட்கலாம். பின்பாரமானால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்து இறுகும், முன்பாரமானால் கழுத்து நோகும் என்பதை அவர்கள் அறிவார்கள். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே நியாயந்தான். பின்பாரம் ஏர்க்காலைத் தூக்கி, பிரேக்கு வேண்டிய பின்சக்கரங்களின் பிடிப்பைக் குறைத்துவிடும். ஓட்டத்தில் டிரெய்லர் வாலாட்டவும் செய்யும். அளவு மீறிய முன்பாரத்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, மேடு ஏறும்போது ஸ்டியரிங் பேசாது. பாரத்தின் நடு, டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். கரும்பைக் கூண்டுக்குமேல் உயர அடுக்குவோர், ஏரிக்கரைச் சாய்வில் ஒரு சக்கரம் தாழ்ந்தால் என்ன ஆகுமென்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சக்கர நட்டுகளை முறுக்கி, பேரிங்குக்குக் கிரீஸ் இட்டு, இரண்டு டயர்களிலும் சரியளவாகக் காற்று வைத்துக்கொள்க. சில மைல் போனதும் நிறுத்தி, சக்கரக் குடத்தருகே புறங்கையை வைத்துப் பார்த்தால், சூடு தாங்கவில்லையென்றால் பேரிங்கில் கோளாறு உண்டென்று தெரிந்துகொள்ளலாம்.

இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் வழக்கம் மிகக் கொடியது. கிளச்சை மிதித்தபடி இறங்குவதும் அதுவே. யந்திரம் தரும் தடை போய்விடுகிறது. எந்தக் கியரில் அச்சரிவை ஏறக்கூடுமோ அந்தக் கியரை மேட்டிலேயே போட்டுக்கொண்டு இறங்குக. நடுச்சரிவில் மாற்ற முயல்வது கூடாது. நிறுத்தியபின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, புறப்படும்போது அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ரோட்டில் விட்டுச்சென்ற கருங்கல், அன்றிரவே ஒரு மோட்டார் சைக்கிளைக் கவிழ்க்கப் போதுமானது.

இரவில் ஆலைக்கு வெளியே வரிசையில் நிற்கும் டிரெய்லர்களே பெரும் அபாயம். பின்னால் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் சிவப்பு வில்லைகளும் இருந்தாலும், தொங்கும் கரும்புத் தோகை அவற்றை மூடிவிடும். ஏற்றி முடித்தபின் பத்தடி பின்னே போய்ப் பார்த்து, மறைக்கும் தோகையை அறுத்துவிடுக. மெதுவாய்ச் செல்லும் வண்டி என்பதைக் காட்டும் முக்கோணப் பலகையையும் மாட்டுவது நலம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லர் தனி வாகனமாகவே கொள்ளப்படும், பதிவும் தனி. விழாவுக்கென்று அதில் ஆட்களை ஏற்றிச்செல்வதை அறவே விடவேண்டும். விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு கிடைப்பதும் சந்தேகமே.

பாரம் ஏற்றிய பின், ரோட்டுக்கு வருமுன், களத்திலோ ஆளில்லாத மண்பாதையிலோ மெதுவாக ஓட்டி ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்க்கவேண்டும். மிதித்த இடத்தில் ஒரு குச்சியும் நின்ற இடத்தில் ஒரு குச்சியும் நட்டு, காலடியால் அளந்துகொள்க. சென்ற நடையைவிடத் தூரம் கூடியிருந்தாலும், டிராக்டர் ஒருபக்கம் இழுத்தாலும், பிரேக்கைச் சீர்செய்த பின்னரே புறப்படலாம். சீராயிருந்தும் தூரம் மிகுதியென்று தோன்றினால், கரும்பில் ஒரு பங்கை அங்கேயே இறக்கி மறுநடைக்கு வைத்துக்கொள்க.