பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு, சிறிய கணினி: ஒரு வகுப்பறைச் செயல்திட்டம்

2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அனைத்தையும் யாரும் கட்டணமின்றி ஒரே கோப்பாகப் பதிவிறக்கலாம். சுருக்கப்பட்ட அக்கோப்பை விரித்தால் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். செங்கோட்டையில் என் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் மாணவர்களுக்கு அதிலிருந்தே செயல்திட்டம் கொடுத்தேன்: குற்றாலம் இடம்பெறும் கட்டுரைகளைக் கண்டுபிடியுங்கள்.

கணினியின் நினைவகமோ 4 ஜிபி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மட்டும் 15 பைட்டுகள். கோப்பு முழுவதையும் மர அமைப்பாக நினைவகத்தில் ஏற்றும் 'டாம்' முறையில், கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். கணினி திணறும்.

குற்றாலத்தில் அருவி நீரையெல்லாம் அண்டாவில் பிடித்து வைத்தா குளிக்கிறோம்? விழ விழக் குளிக்கிறோம். 'சாக்ஸ்' முறையும் அப்படித்தான். பைத்தானில் இதற்கு 'இட்டர்பார்ஸ்' உதவும். 'பேஜ்' என்ற குறிச்சொல் முடியும்போது ஒரு கட்டுரை முழுமையாகக் கிடைக்கும். அதில் தேட வேண்டும். தலைப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கட்டுரையை 'கிளியர்' கொண்டு காலி செய்ய வேண்டும். வேர் உறுப்பையும் காலி செய்தால்தான் நினைவகம் நிரம்பாது.

இங்கே தமிழாசிரியரும் வகுப்புக்குள் வந்தார். 'குற்றாலம்' என்று தேடினால் 'குற்றாலத்தில்' கிடைக்காது. அத்துச் சாரியை வந்து மகரம் மறைந்துவிடுகிறது. எனவே 'குற்றால' என்று தேடச் சொன்னோம். இலக்கணம் நிரலுக்குள் வேலை செய்வதை மாணவர்கள் நேரில் கண்டார்கள்.

காட்டுவதிலும் இதே சிக்கனம் வேண்டும். முடிவுகள் அனைத்தையும் ஒரே திரையில் கொட்டாமல் இருபது தலைப்புகளாகக் காட்டினால் போதும். தலைப்பைச் சொடுக்கியதும் அந்தக் கட்டுரையை மட்டும் எடுக்க ஓர் அட்டவணை தேவை. விக்கிமீடியாவே அதற்கு வழி வைத்திருக்கிறது: நூறு நூறு பக்கங்களாகச் சுருக்கிய கோப்பும், எந்தப் பக்கம் எந்த இடத்தில் தொடங்கும் பகுதியில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையும் தனியே கிடைக்கின்றன. புத்தகத்தின் பொருளடக்கம் போல.

வசதியான கணினி இல்லை என்பதால் பெரிய தரவு நமக்கானதல்ல என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்து இதைச் செய்து பாருங்கள். ஊரைப் பற்றி எழுதப்படாமல் விடுபட்டவை எவை என்பதும் தெரியும். அவற்றை எழுதுவதே மாணவர்களின் அடுத்த செயல்திட்டமாகலாம்.