பில் மென்பொருளை இடம் மாற்றலாமா?



பேரேட்டில் கணக்கு எழுதிய காலத்தில், அதை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றி வைத்தால் உள்ளே இருக்கும் எழுத்து மாறாது. கம்ப்யூட்டரில் உள்ள பில் மென்பொருள் அப்படியல்ல. முறை தெரியாமல் அதை இடம் மாற்றிவிட்டு, பிறகு அப்டேட் செய்தால் கணக்கே இரண்டாகப் பிரிந்துவிடக் கூடும். என் மண்டியில் நடந்ததையே பாடமாகச் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

விண்டோஸ் பழுதானால் சி டிரைவில் உள்ளதெல்லாம் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 2025 ஆகஸ்டில் எங்கள் பில் போடும் தம்பி மென்பொருள் இருந்த ஃபோல்டரை அப்படியே டி டிரைவில் காப்பி செய்தார். அதைத் திறக்க முகப்பில் ஒரு ஐகானும் வைத்தார். பழையது இருந்துவிட்டுப் போகட்டும் என்று சி டிரைவில் இருந்ததை அழிக்கவில்லை. ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை.

செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது. குளியல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்தும், நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு வந்தன. அதற்காக முதல் நாள் இரவு அப்டேட் செய்தோம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. முகப்பில் புதிதாக ஓர் ஐகான் வந்தது. திங்கட்கிழமை காலை அதைத் திறந்தே பில் போட்டோம். பாக்கிப் பட்டியலும் எடுத்தோம்.

மாலையில் ஒரு சில்லறை வியாபாரி போன் செய்தார். "அண்ணாச்சி, 18,400 ரூபாயை பத்து நாளைக்கு முன்னாலேயே கட்டிட்டேனே. வசூலுக்கு ஆள் அனுப்பிக் கடையில நாலு பேர் முன்னால கேக்கலாமா?" என்றார். அவர் சொன்னது உண்மை. ரசீதும் அவரிடம் இருந்தது. நாங்கள் திறந்து வைத்திருந்ததுதான் ஆகஸ்டோடு நின்றுபோன பழைய கணக்கு! அன்று போட்ட 83 பில்களுக்கும், ஏற்கெனவே கொடுத்துவிட்ட எண்களே மறுபடி விழுந்திருந்தன.

காரணம் என்ன?

ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசத்தை விண்டோஸ் தன்னுடைய ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. நாம் கையால் ஃபோல்டரை மாற்றினால் அந்தப் பதிவு மாறுவதில்லை. அப்டேட் பெரும்பாலும் அந்த விலாசத்தைப் பார்த்தே போகும். நாம் கிட்டங்கியை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டு லாரி ஷெட்டில் சொல்லாமல் இருந்தால், சரக்கு பழைய கிட்டங்கி வாசலில்தானே இறங்கும்? அதே கதைதான். எங்கள் அப்டேட் சி டிரைவில் கிடந்த பழைய காப்பியில் இறங்கியது. நடப்புக் கணக்கு டி டிரைவில் அப்படியே இருந்தது.

காப்பி செய்யாமல் வெட்டி ஒட்டியிருந்தாலும் தொல்லைதான். பழைய இடத்தில் எதுவும் இல்லாததால் அப்டேட் பாதியில் நிற்கலாம். அல்லது அங்கேயே கணக்கு எதுவும் இல்லாத புதிய மென்பொருளை வைத்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. சில புதிய பதிப்புகள் கணக்கின் அமைப்பையே மாற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கணக்கைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது.

இது சின்ன விஷயம் அல்ல. ஒரு நிதியாண்டில் ஒரே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது ஜி.எஸ்.டி. விதி. ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்கைப் பாதுகாக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டிய முறை

1. மென்பொருளை வெட்டி ஒட்டாதீர்கள். முதலில் கணக்கை பேக்கப் எடுத்து, பென் டிரைவிலும் வேறொரு கம்ப்யூட்டரிலுமாக இரண்டு இடத்தில் வையுங்கள்.

2. கண்ட்ரோல் பேனல் வழியாகப் பழையதை முறைப்படி நீக்கிவிட்டு, புதிய இடத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி நிறுவுங்கள். பிறகு பேக்கப்பிலிருந்து கணக்கை ஏற்றுங்கள்.

3. கணக்கு மட்டும் வேறு டிரைவில் இருந்தால் போதும் என்றால், மென்பொருளைத் தொடவே வேண்டாம். கணக்கு இருக்கும் இடத்தை மாற்றும் வசதி பல மென்பொருள்களுக்குள்ளேயே இருக்கிறது.

4. அப்டேட்டுக்கு முன் கடைசி பில் எண், கை ரொக்கம், நான்கைந்து வாடிக்கையாளர் பாக்கி ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். முடிந்ததும் திரையில் அதே எண்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகே முதல் பில் போடுங்கள்.

5. ஒரு கம்ப்யூட்டரில் ஒரே மென்பொருள், ஒரே ஐகான். பழைய காப்பியை விட்டு வைக்காதீர்கள்.

6. வியாபார நேரத்தில் அப்டேட் வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். அவர்களும் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து கொண்டுபோகக் கூடாது. சில மென்பொருள்களில் உரிமத்தைப் பழைய கம்ப்யூட்டரில் விடுவித்த பிறகே புதியதில் பயன்படுத்த முடியும். விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 83 பில்களையும் எங்கள் ஆடிட்டர் சொன்னபடி ரத்து செய்து, புதிய எண்ணில் கொடுக்க நான்கு நாள் ஆயிற்று. அதைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் அந்தச் சில்லறை வியாபாரியின் கடைக்கு நானே நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. பாக்கி இல்லாதவரிடம் பாக்கி கேட்பதைவிட ஒரு வியாபாரிக்கு வேறு தலைக்குனிவு இல்லை. அப்டேட் செய்யும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி எண்களைச் சரிபாருங்கள்.