ஒண்ணுக்கு அடக்கிக்கொண்டு மரம் ஏற வேண்டாம்



வாய்விட்டுப் பேச நாம் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இந்தச் சுகாதாரப் பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம். நிழல் மரங்களில் ஏறிக் கொப்பு வெட்டும் ஆட்கள் வேலை நேரத்தில் ஒண்ணுக்குப் போவது எப்படி? "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது.

மலையில் நடப்பது என்ன?

தேயிலைக்கு வெளிச்சம் கிடைக்கட்டும் என்று சவுக்கு மரம், டடப் மரம் ஆகியவற்றின் கொப்புகளை வெட்டுகிறோம். பெரட்டு முடிந்து மரத்தில் ஏறியவர், இறங்கி ஏறினால் நேரம் போய்விடும் என்று மேலேயே இருந்துவிடுகிறார். முட்டிக்கொண்டு வந்தாலும், "இந்த ஒரு கொப்பை முடிச்சிட்டு எறங்குவோம்" என்று அடக்கிக்கொள்கிறார். வேறு சிலர் ஒண்ணுக்கு வராமல் இருக்கக் காலையிலிருந்து தண்ணியே குடிப்பதில்லை. இரண்டுமே தப்பான வழிகள்.

அடக்கினால் என்ன ஆகும்?

நம் மூத்திரப்பை சுமார் 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். அதாவது, இரண்டு பெரிய கோப்பைத் தேத்தண்ணி அளவு. அது நிறைந்து முட்டும்போது நம் நினைப்பெல்லாம் அடிவயிற்றில்தான் இருக்கும். கால் வைக்கும் இடத்திலும் கத்தி விழும் இடத்திலும் கவனம் இருக்காது. அவசரப்பட்டு இறங்கும்போது கால் வழுக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுமையாக இருக்கும் மூத்திரப்பை இடுப்பெலும்புக்குள் பதுங்கி இருக்கும். நிறைந்தால் மேலே எழும்பி அடிவயிற்றுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் விழுந்து வயிற்றில் பலமாக அடிபட்டால் பை கிழியக்கூடும். அப்படியானால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம்.

தண்ணி குடிக்காவிட்டால்?

உடம்பில் தண்ணி குறைந்தால் தலை சுற்றும், சோர்வு வரும், கெண்டைக்கால் இழுக்கும். தரையில் நிற்பவர் உட்கார்ந்து கொள்ளலாம். மரத்தின் உச்சியில் இருப்பவர் எங்கே உட்காருவார்? தண்ணி குறைவாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாகவும் வாய்ப்பு அதிகம். நுவரெலியா போன்ற குளிர் மலைகளில் தாகம் தெரியாது, ஆனால் குளிருக்கு ஒண்ணுக்கு அடிக்கடி வரும். ஆகவே தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூத்திரத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. சாயத் தேத்தண்ணி மாதிரிக் கறுத்திருந்தால் தண்ணி போதவில்லை. நன்றாகத் தண்ணி குடித்தும் நிறம் மாறாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மரத்தில் ஏறுமுன், வந்தாலும் வராவிட்டாலும் ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும்.

2. ஒரேயடியாகக் குடிக்காமல், ஒவ்வொரு மரம் முடிந்து இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி குடிக்க வேண்டும்.

3. பெரிய மரமானால் வேலையை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு தடவை இறங்க வேண்டும்.

4. முட்டிக்கொண்டு வந்தால், கையிலுள்ள கொப்பைப் பாதியில் தொங்க விடாமல் வெட்டி விழுத்தி, கத்தியையோ வாளையோ கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, நிதானமாக இறங்க வேண்டும். கீழே நிற்பவருக்குக் குரல் கொடுக்க மறக்கக் கூடாது.

5. மேலே இருந்தபடியே போவது வேண்டாம். அதற்காகக் கயிற்றை அவிழ்ப்பதும், ஒரு கையை விடுவதும் ஆபத்து. கீழே கொப்பு பொறுக்கும் பெண்களுக்கும் அது மரியாதை இல்லை.

6. பீலிக்கும் ஓடைக்கும் பக்கத்தில் போகக் கூடாது. கீழே இருக்கும் லயத்துக்காரர் குடிப்பது அந்தத் தண்ணியைத்தான். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எப்போது மருந்துக்குப் போவது?

ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, இரத்தம், குளிர்காய்ச்சலோடு இடுப்புக்கு மேலே முதுகு வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். அளவுக்கு மீறிய தாகத்தோடு அடிக்கடி ஒண்ணுக்கு வந்தால் சீனி வியாதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கொழுந்து எடுக்கும் பெண்களும் மறைவிடம் இல்லாமல் இப்படித்தான் அடக்கிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு மூத்திரக் குழாய் சுமார் 4 சென்டிமீற்றர் நீளம்தான். அதனால் கிருமி சுலபமாக உள்ளே போகும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இருந்தால் அன்றைக்கே மருத்துவ மாதுவிடம் சொல்ல வேண்டும்.

கங்காணிமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் ஒரு வார்த்தை. இறங்கி ஏறப் பத்து நிமிஷம் போகலாம். ஆள் விழுந்தால் வருஷக்கணக்கில் ஒரு குடும்பமே கஷ்டப்படும். "எறங்கிப் போயிட்டு வாங்கண்ணே" என்று நீங்களே சொன்னால், கேட்கக் கூச்சப்படுகிறவரும் இறங்குவார்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டிலிருந்து மலைக்குப் போகிறவர் தண்ணிப் போத்தல் கொண்டு போகிறாரா?

2. நிறைந்த மூத்திரப்பையோடு மரத்திலிருந்து விழுந்தால் ஆபத்து ஏன் அதிகம்?

3. நம் மலையில் பெண்களுக்கு ஒரு மறைவிடம் அமைக்க, தோட்டத் தலைவரிடமும் துரையிடமும் என்ன கேட்கலாம்?