குளோரின் கலந்த நீரும் புற்றுநோய் அச்சமும்

நகரத்து நீச்சல் குளங்களைப் பற்றி எழுந்த ஓர் அச்சம் இப்பொழுது கிராமத்துக் குடிதண்ணீர்த் தொட்டி வரையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. குளத்து நீரில் கலக்கப்படும் குளோரின் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே அவ்வச்சம். குளத்தில் ஆகாதது குடிநீரில் மட்டும் ஆகுமோ, பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து வாடையை வெறுப்பவர்களுக்கு இது நல்ல சாக்காகவும் அமைந்துவிடுகிறது. முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு பஞ்சாயத்து அங்கத்தினர்களுடையது. ஆகவே இதன் உண்மையை அவர்கள் சற்று விவரமாக அறிந்திருத்தல் நலம்.

சென்னைக்கு மேற்கே உள்ள பகுதிகளில் இக்கேள்வி எழுவது இயல்பே. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அவற்றோடு நீச்சல் குளங்களும் பெருகின. அருகிலேயே பூந்தமல்லி ஒன்றியத்து ஊர்களில் மேல்நிலைத் தொட்டியும் தெருக் குழாயுமே குடிநீருக்கு ஆதாரம். இரண்டு இடங்களிலும் இடப்படும் மருந்து ஒன்றே.

குளோரின் தானாகப் புற்றுநோயை விளைவிக்கிறது என்று விஞ்ஞானிகள் கூறவில்லை. நீரில் மக்கிய இலை, பாசி, சேறு முதலியவை கலந்திருக்கையில் குளோரினை இட்டால், இரண்டும் கூடிப் புதிய பொருள்கள் சில உண்டாகின்றன. 1974ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் நீர் சுத்திகரிப்பு விஞ்ஞானி ரூக் என்பவர் இதனை முதலில் கண்டறிந்தார். அப்பொருள்களில் முக்கியமான ஒன்று, ஒரு காலத்தில் அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகப் பயன்பட்ட குளோரோபாரம். இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கருதுகிறது. ஆனால் குளோரின் கலந்த குடிநீரைப் பற்றி 1991இல் ஆராய்ந்தபோது, அது புற்றுநோயை உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே அந்நிறுவனம் அறிவித்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் குளோரோபாரம் 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இனி நீச்சல் குளத்தைப் பார்ப்போம். குளத்தில் நாம் நீரைப் பருகுவதில்லை. எனினும் இப்பொருள்கள் தோல் வழியாகவும், நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் காற்றைச் சுவாசிப்பதாலும் உடலுக்குள் செல்கின்றன. பார்சிலோனா நகரில் 49 பேரை 40 நிமிஷம் உள்ளரங்கக் குளம் ஒன்றில் நீந்தச் செய்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். நீந்திய பின் அவர்கள் வெளிவிட்ட மூச்சில் இப்பொருள்கள் சுமார் ஏழு மடங்கு மிகுந்திருந்தன. இரத்த அணுக்களில் சிறு மாறுதல்களும் தென்பட்டன. அதே ஸ்பெயின் நாட்டில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் சுமார் 1,200 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், நீச்சல் குளங்களுக்குச் சென்றவர்களிடம் அந்நோய் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் காணப்பட்டது. இவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. முடிந்த முடிபும் அல்ல. அந்நோய்க்கு நன்கு நிரூபிக்கப்பட்ட பெருங்காரணம் புகையிலை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே குளோரினைக் குறைகூறுவோரை என்னென்பது!

குளத்தில் அழுக்கைக் கொண்டுவருபவர் நீந்துபவரே. வேர்வை, எண்ணெய், சிறுநீர் ஆகியவை குளோரினோடு சேரும்போதுதான் கண்ணெரிச்சல் தரும் அந்தக் கடு வாடை பிறக்கிறது. வாடை பலமாக இருப்பின் நீர் சுத்தம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. இறங்குமுன் நன்றாகக் குளித்துவிட்டு இறங்கினால் தொல்லை குறையும். உள்ளரங்கக் குளமாயின் காற்றோட்டம் மிக அவசியம்.

தொட்டிக்கும் விதி இதுவே. செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் நடைபெறும் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்தம் செய்ய வல்லது. அத்தகைய நிலையங்களில் முதலில் படிகாரம் இட்டு ஏரி நீரின் கலங்கலைப் படிய வைத்து, மணலில் வடிகட்டிய பின்னரே கிருமியை ஒழிக்கக் குளோரினைச் செலுத்துகிறார்கள். நமது ஊர்த் தொட்டியில் படிகார வேலை இல்லை; அதற்குப் பதிலாக மாதம் இருமுறையேனும் தொட்டியின் அடியில் படிந்த வண்டலைத் தேய்த்துக் கழுவி வெளியேற்ற வேண்டும். மூடியைத் திறந்து போடாமல் இலையும் பறவை எச்சமும் விழாது காக்க வேண்டும். வண்டல் மீது பவுடரைக் கொட்டுவதில் மருந்தும் வீண், வேண்டாத பொருளும் பெருகும்.

மருந்தை அடியோடு நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1992இன் பிற்பகுதியில் ஓ-139 என்னும் புதுவகை வாந்திபேதிக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான்; சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் பரவிற்று. புற்றுநோய் அச்சம், பல ஆண்டுகள் அப்பொருள்களோடு பழகியபின் சிலருக்கு நேரக்கூடிய சிறு அபாயத்தைப் பற்றியது. வாந்திபேதியோ ஒரே நாளில் குழந்தையின் உயிரைக் கொண்டுபோய்விடும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

அளவுதான் முக்கியம். நல்ல பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் உண்டு. அத்தகைய பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு; 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் ஆகும். பொதுக் கிணறாயின் குறுக்களவை அதே குறுக்களவாலும், பின் நீரின் ஆழத்தாலும், 3.14ஆலும் பெருக்கி நான்கால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 4 மீட்டர் குறுக்களவும் இரண்டரை மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 31,400 லிட்டர் இருக்கும். 80 கிராம் போதும். பவுடரை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்து ஊற்றுக. ஒரு மணி நேரம் சென்றபின் நீரை விடலாம். திறந்த மூட்டையில், தகரக் கூரை மோட்டார் அறையில் கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இராது; வாங்கும்போதே தேதியைப் பார்த்து, இருளும் உலர்ச்சியுமான இடத்தில் மூடி வைக்க வேண்டும்.

சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் நீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5 தேவை. மஞ்சள் நிறம் காட்டும் அந்தச் சோதனைத் திரவமான ஆர்த்தோடாலிடின், புற்றுநோய் ஐயத்துக்கு உரிய பொருள்களில் ஒன்று. ஆதலால் நிறம் பார்த்தபின் குழாயிலுள்ள நீரை யாரும் பருகாதபடி அப்புறமாகக் கொட்டிவிட்டு, சோதித்தவர் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.