இலை தின்னும் பூச்சிகள்: இனம் அறிந்து ஒழிப்பீர்

மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரங்களில் கிணற்றடியிலும் கொல்லையிலும் கத்தரி, முருங்கை, எலுமிச்சை, மல்லிகை முதலியவற்றை விவசாயிகள் பலர் வளர்க்கின்றனர். மழைக்காலம் தொடங்கியதும் இச்செடிகளின் இலைகள் ஓட்டையாவதைக் காணலாம். உடனே கடைக்குச் சென்று, "ஏதேனும் ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேட்பது சரியன்று. பூச்சி இன்னதென்று அறியாமல் அடிக்கும் மருந்தால் பணம் வீணாகும். நன்மை செய்யும் பூச்சிகள் மடியும். காயில் தங்கும் நஞ்சு நம் வீட்டுக் குழம்பிலேயே வந்து சேரும்.

கத்தரியில் புள்ளி வண்டு

இலையின் பச்சைப் பகுதி சுரண்டப்பட்டு நரம்புகள் மட்டும் சல்லடை போல் நின்றால், அது புள்ளி வண்டின் சேதம். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகள் குவியலாக நிமிர்ந்து நிற்கும். புழுக்களும் மஞ்சள் நிறமே. உடலெங்கும் முட்கள் இருக்கும். வண்டு செம்பழுப்பு நிறமுடையது. முதுகில் கரும்புள்ளிகள் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் ஏறக்குறைய இதே உருவமுடையது. பொறிவண்டின் முதுகு பளபளக்கும். புள்ளி வண்டின் முதுகில் நுண்ணிய மயிர்கள் இருப்பதால் மங்கலாகத் தோன்றும். அசுவினி மொய்த்த குருத்தில் திரிவது நண்பன். சுரண்டிய இலையில் இருப்பது பகைவன்.

முட்டையும் புழுவும் உள்ள இலைகளைக் கிள்ளி அழிக்கவும். அதிகாலையில் செடியை உலுக்கி, விழும் வண்டுகளைச் சோப்பு நீர் உள்ள வாளியில் சேகரித்துக் கொல்லவும்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி

பகலில் இப்புழுக்கள் அடிமரத்தில் அடை அடையாக ஒட்டிக் கிடக்கும். இரவில் மேலேறி இலைகளைத் தின்னும். உடலில் பட்டால் அரிப்பு உண்டாகும். கூட்டமாக இருக்கும் பகல் வேளையே ஒழிப்பதற்கு ஏற்றது. நீண்ட கழியில் கட்டிய துடைப்பத்தால் சோப்பு நீரில் தள்ளி அழிக்கலாம். தீப்பந்தம் காட்டுவதும் உண்டு. ஆனால் கூரை வீடும் வைக்கோற்போரும் அருகில் இருந்தால் அது கூடாது. மழைக்குப் பின் விளக்குப்பொறி வைத்துத் தாய் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கலாம்.

எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லிகை

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல் தோன்றும் புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகும். இது வண்ணத்துப்பூச்சியின் புழு. சில செடிகளே உள்ள கொல்லையில் கையால் பொறுக்கினாலே போதும். கறிவேப்பிலையை நாம் இலையாகவே உண்பதால் அதற்கு நஞ்சு தெளிக்க வேண்டாம்.

மல்லிகையில் இலைகளை வலையால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு, நிழலும் அடர்த்தியும் மிகுந்த புதரில் பெருகும். பிணைந்த இலைகளை நீக்கவும். நவம்பர் இறுதியில் சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால் காற்றும் வெயிலும் உட்புகும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

கையால் பொறுக்கி அடங்காவிட்டால் இதனைப் பயன்படுத்தவும். அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைக்கவும். காலையில் நன்கு கலக்கி, துணியால் வடிகட்டி, 10 லிட்டராக்கவும். 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்கவும். வெயிலில் இதன் வீரியம் குறையுமாதலால் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்கவும். பூச்சி உடனே சாகாது. தின்பதைக் குறைத்து, வளர்ச்சி குன்றிப் பின்னரே மடியும். ஆகவே மறுநாளே பலனில்லை என்று வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம்.

பழைய டப்பாக்கள்

பரணில் கிடக்கும் பழைய மருந்துகளைத் தொடாதீர்கள். பி.எச்.சி. 1997-லும் எண்டோசல்பான் 2011-லும் தடை செய்யப்பட்டன. புதிதாக வாங்கும் மருந்தாயின், அந்தப் பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்டதா என்று பார்த்து, அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களைச் சீட்டில் உள்ளபடி கடைப்பிடிக்கவும்.

வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். இனம் தெரியாத புழுவாயின், தின்ற இலையுடன் ஒரு பாட்டிலில் இட்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறுங்கள்.